போன் மந்தமாகிவிட்டதா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

மூன்று, நான்கு ஆண்டுகள் பழகிய போனைக் கொண்டுவந்து, ‘அப்டேட் போட்டதிலிருந்து ஹேங் ஆகிறது, சாஃப்ட்வேர் ஏற்றிக் கொடுங்கள்’ என்று கேட்பவர்களிடம், எத்தனை சதவீதத்தில் போன் தானாக அணைகிறது என்றுதான் முதலில் விசாரிப்பேன். ‘முப்பது காட்டும்போதே கேமராவைத் திறந்தால் அணைந்துவிடுகிறது, சார்ஜரைச் செருகினால் மறுபடி இருபத்தெட்டு காட்டுகிறது’ என்று பதில் வந்தால், சாஃப்ட்வேரைத் தொடுவதற்கு முன் பேட்டரியைத்தான் சோதிக்க வேண்டும்.

லித்தியம் அயன் பேட்டரிக்கு வயதாகும்போது சார்ஜ் நிற்கும் நேரம் குறைவது எல்லோருக்கும் தெரிகிறது. தெரியாத சேதாரம் ஒன்று உள்ளே நடக்கிறது: மின்முனையின் மேல் படியும் படலம் தடித்து, பேட்டரியின் உள்மின்தடை உயர்ந்துகொண்டே போகிறது. கேமராவோ கேமோ திறக்கப்பட்டதும் பிராசஸர் சட்டென்று அதிக மின்சாரத்தை இழுக்க, வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துவிடுகிறது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் உப்புப் படிந்த குழாயில் வேகமாக வராதது போன்ற நிலைதான் இது. குளிரான இடங்களில் இந்தத் தொல்லை இன்னும் கூடும்.

இப்படித் திடீரென அணைவதைத் தடுப்பதற்காகவே, 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 அப்டேட்டில், பேட்டரி தேய்ந்த ஐபோன் 6, 6எஸ், எஸ்இ மாடல்களின் பிராசஸர் வேகத்தைத் தேவைப்படும்போது குறைக்கும் ஏற்பாட்டை ஆப்பிள் சேர்த்தது. ஆனால், வேகம் குறையும் என்பதைப் பயனாளர்களிடம் சொல்லவில்லை. பேட்டரியை மாற்றியதும் பழைய வேகம் திரும்பியதைச் சிலர் கவனித்துச் சொல்ல, போனின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் செயலியின் சோதனை முடிவுகளும் அதை உறுதிப்படுத்திய பிறகு, அந்த டிசம்பரில் நிறுவனம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணம் 29 டாலராக இறங்கியது. பிரான்ஸ் 2020-இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. வேகத்தைக் குறைத்தது தொழில்நுட்ப ரீதியில் நியாயமான முடிவு என்றே நான் கருதுகிறேன். சில ஆயிரத்தில் தீரும் கோளாறுக்குப் பலர் புதுப் போன் வாங்கும்படி விட்ட அந்த மௌனத்தைத்தான் நியாயப்படுத்த முடியாது.

எல்லா மந்தமும் பேட்டரியால் வருவதல்ல. புதிய மாடலான நோட் 7-க்காகத் தயாரான ஆண்ட்ராய்டு பதிப்பை, பழைய நோட் 4 வைத்திருந்தவர்களை நிறுவத் தூண்டியதற்காக, 2018-இல் இத்தாலி சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. பழைய ஹார்ட்வேரின் மேல் கனமான மென்பொருள் ஏறினால், பேட்டரி புதிதாக இருந்தாலும் போன் திணறும். ஸ்டோரேஜ் விளிம்பு வரை நிரம்பிக் கிடந்தாலும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் சேர்ந்த வீடியோக்களை அழித்த பின் நன்றாக ஓடிய போன்களும் உண்டு.

ஐபோனில் செட்டிங்ஸ் பகுதியில் பேட்டரி ஹெல்த் என்ற இடத்தில் அதிகபட்சக் கொள்ளளவு தெரியும். 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். ஆண்ட்ராய்டில் இந்த வசதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், சர்வீஸ் சென்டரில் சோதித்துக்கொள்வது நல்லது. சீக்கிரம் தேயும் பேட்டரிகளை டெலிவரி வேலையில் இருப்பவர்களின் போன்களில்தான் அதிகம் பார்க்கிறேன்: வண்டியின் ஹேண்டில்பாரில், உச்சி வெயிலில், மேப்பும் ஓட, சார்ஜும் ஏற, போன் கையால் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. வேலை அப்படி, தவிர்க்கச் சொல்வது எளிது. குறைந்தபட்சம், சுடும் நேரத்தில் சார்ஜ் ஏற்றாமல், நிழலில் நிற்கும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

மாற்றும்போது விலையை மட்டும் பார்த்து டூப்ளிகேட் பேட்டரியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்; மேலே அச்சிட்ட கொள்ளளவு உள்ளே இருப்பதில்லை. பின்மூடியோ டிஸ்பிளேவோ தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதை அழுத்தி உட்கார வைக்காமல், சார்ஜ் போடாமல், போனை அணைத்து அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டு போங்கள்.