ஸ்ட்ராங் காப்பி என்றால் என்ன? கடுப்பம், கட்டி, கசப்பு, வீரியம்

"ஸ்ட்ராங்கா ஒரு காப்பி" என்று மூன்று கடைகளில் சொல்லிப் பாருங்கள். ஒரு கடையில் டிகாக்ஷன் தாராளமாக விழுந்திருக்கும், இன்னொன்றில் பாலைக் குறைத்திருப்பார்கள், மூன்றாவது கடைக்காரர் காலையில் இறக்கிய டிகாக்ஷனை மறுபடி சூடாக்கிக் கசக்கக் கசக்கக் கொடுத்துவிட்டு "ஸ்ட்ராங்தானே கேட்டீங்க" என்பார். மூன்று பேரும் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள், கேட்ட சொல்தான் சரியில்லை. பொடி வாங்கும்போதும் இதே கதைதான். தனக்குக் கசப்பு வேண்டுமா, கட்டியான காப்பி வேண்டுமா, தூக்கம் கலைந்தால் போதுமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாததால், பலர் வருஷக்கணக்காக யாரோ எப்போதோ சொன்ன கலவையையே வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இது பழைய சொல், பழைய ஆங்கிலத்தில் ஸ்ட்ராங்க் என்று இருந்தது. இதே வேரில் வந்த ஜெர்மன் சொல் ஸ்ட்ரெங், அதற்குக் கண்டிப்பான, கடுமையான என்று பொருள். நம்முடைய 'கடு' போகிற வழியும் கிட்டத்தட்ட இதுதான்: கடுங்குளிர், கடுங்கோபம், கடுமையான வாத்தியார். அதனால் ஸ்ட்ராங்குக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டிய வேலையே இல்லை, குமரி மாவட்டத்துக்காரர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, கடுப்பம். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் "அண்ணே, கடுப்பம் கூட்டி ஒரு சாயா" என்றால் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். மலையாளத்திலும் இதே சொல்தான், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதியில் இது ஆச்சரியமும் இல்லை. சென்னைக்காரர் ஒருவரிடம் கடுப்பம் என்றால் அவர் கடுப்பாகிவிட்டதாக நினைப்பார் என்பது வேறு விஷயம்.

ஆனால் கடுப்பமும் முழுக்கத் தெளிவான சொல் இல்லை. கடுங்காப்பி என்கிறோமே, அதில் 'கடும்' என்பது பால் இல்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது, பொடி அரைக் கரண்டி போட்டுத் தண்ணியாக இருந்தாலும் அது கடுங்காப்பிதான். சுக்குக் காப்பி இன்னும் ஒரு படி மேலே, பல வீடுகளில் சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி எல்லாம் இருக்கும், காப்பிப் பொடி மட்டும் இருக்காது. (எங்கள் குமரிப் பக்கம் காலையில் யாராவது "காப்பி குடிச்சாச்சா?" என்று கேட்டால் அது இட்லி, புட்டு சாப்பிட்டாச்சா என்ற கேள்வி என்பதை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.) ஆகவே கடுப்பத்தை மொத்தப் பெயராக வைத்துக்கொண்டு அதற்குள் இருப்பதைத் தனியாகப் பிரிக்க வேண்டும்.

முதலில் கட்டி. "டிகாக்ஷன் கட்டியா இறங்கியிருக்கு" என்கிறோமே, அதுதான். தண்ணீரில் எவ்வளவு காப்பி கரைந்திருக்கிறது என்ற கணக்கு மட்டும், பொடியின் ரகம் இதில் பெரிய விஷயம் இல்லை. ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, குடைபோல் இருக்கும் தட்டால் லேசாக அமுக்கி, கொதித்து அடங்கிய தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றினால், சொட்டு நிதானமாக விழ வேண்டும். தண்ணீர் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டால் அரைப்பு பெரும்பரல், சொட்டே விழாமல் மேலே குளம் கட்டினால் மாவாக அரைத்துவிட்டார்கள். இரண்டிலும் பொடியை மாற்றிப் பிரயோஜனமில்லை, அரைப்பைத்தான் மாற்றச் சொல்ல வேண்டும். காப்பி தண்ணியாக இருக்கிறது என்று விலை கூடின பொடிக்குப் போகிறவர்கள் முதலில் இதைப் பார்த்தாலே காசு மிச்சம்.

டிகாக்ஷன் என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம், ஏனென்றால் அது தப்பான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. லத்தீனில் அதன் வேருக்குக் கொதிக்கவைத்து வற்றச்செய்வது என்று பொருள், அதாவது நம் கஷாயம், சித்த மருத்துவத்தில் சொல்லும் குடிநீர். ஃபில்டரில் நாம் பொடியைக் கொதிக்கவைப்பதில்லை, ஊற்றி வடியவிடுகிறோம். வடிநீர் என்றால் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். உண்மையான டிகாக்ஷன் எது என்றால், கருப்பட்டியும் பொடியும் போட்டு அடுப்பில் தளதளவென்று கொதிக்கும் நம் வீட்டுக் கடுங்காப்பிதான்.

அடுத்தது கசப்பு, குழப்பம் அதிகம் உள்ள இடம் இதுதான். காப்பியின் கசப்பில், தூக்கத்தைக் கலைக்கும் பொருளான காஃபீனின் பங்கு கொஞ்சம்தான், பெரும்பகுதி வறுக்கும்போது உண்டாகிறது. இளம் வறுவலில் ஒரு மெல்லிய புளிப்பு நிற்கும், வறுவல் ஏற ஏறப் புளிப்பு குறைந்து கசப்பு கூடும். கொட்டை கறுத்து எண்ணெய் மினுங்கும் அளவுக்குப் போனால் எந்த மலையில் விளைந்தது என்பதே தெரியாது, கரிந்த ருசி மட்டும் மிஞ்சும். ரகமும் கணக்கில் வரும். அராபிகா மணமும் புளிப்பும் கொண்டது, ரொபஸ்டா முரட்டுக் கசப்பு, நுரையும் திண்மையும் நன்றாகக் கொடுக்கும். இந்தியாவில் விளைவதில் பெரும்பகுதி ரொபஸ்டாதான். கடைப் பலகையில் 'பிளாண்டேஷன்' என்று இருந்தால் அது பழத்தின் சதையை நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகா, 'செர்ரி' என்றால் பழத்தோடு அப்படியே வெயிலில் காயவைத்தது. பீபெரி தனி ரகம் இல்லை. ஒரு பழத்தில் வழக்கமாக இரண்டு கொட்டை எதிரெதிராகத் தட்டையாக இருக்கும், ஒன்று மட்டும் வளர்ந்தால் உருண்டையாக வரும், அதுதான் பீபெரி. உருண்டு உருண்டு ஒரே சீராக வறுபடும் என்பார்கள், அதனால் நல்ல பெயர். அதை ஸ்ட்ராங் என்று சொல்லி விற்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

கசப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு ஆள் சிக்கரி. காப்பிக்கும் இதற்கும் உறவே கிடையாது, ஒரு செடியின் கிழங்கு போன்ற வேரை வறுத்துப் பொடித்தது. நெப்போலியன் 1806-இல் பிரிட்டன் சரக்குகளுக்குத் தடை போட்டபோது காப்பி கிடைக்காமல் பிரெஞ்சுக்காரர்கள் இதைத்தான் அதிகம் பிடித்துக்கொண்டார்கள். பெயர் கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு என்று சுற்றி ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. வேடிக்கை என்னவென்றால் இதே செடிக்கு சித்த மருத்துவத்தில் காசினிக்கீரை என்று முன்பே பெயர் இருக்கிறது, பாரசீகத்தின் காஸ்னி. ஆனால் "காசினி கலந்த காப்பி" என்று யார் எழுதினாலும் நான் வாங்க மாட்டேன், சிக்கரி நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது, இருக்கட்டும். கலவைப் பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், எவ்வளவு சிக்கரி என்று பொட்டலத்தில் போட்டிருக்கவும் வேண்டும். 51-க்கு 49 என்றால் ஏறக்குறைய பாதிப் பொட்டலம் வேர்தான், படித்துவிட்டு வாங்குங்கள்.

சிக்கரியில் காஃபீன் துளியும் இல்லை என்பதால் நேராக வீரியத்துக்கு, அதாவது தூக்கத்தைக் கலைக்கும் சக்திக்கு வந்துவிடலாம். காஃபீனை 1819-இல் ருங்கே என்ற ஜெர்மன் வேதியியலாளர் பிரித்தெடுத்தார், காப்பியிலிருந்து கிடைத்ததால் அந்தப் பெயர். மருந்துக்கு வீரியம் என்கிறோம், உரத்துக்கு வீரியம் என்கிறோம், காப்பிக்கும் அதையே சொன்னால் யாருக்கும் விளங்கும். வடசொல் என்று நினைப்பவர்கள் வீறு என்று சொல்லிக்கொள்ளலாம், கடையில் புரியாது. அராபிகாக் கொட்டையில் காஃபீன் ஏறத்தாழ 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் சுமார் 2.2. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 கிராம் பொடி சுத்த ரொபஸ்டாவாக இருந்தால் உள்ளே 220 மில்லிகிராம், சுத்த அராபிகா என்றால் 120, அராபிகா 60 சிக்கரி 40 என்றால் வெறும் 72. கறுப்பாக, கட்டியாக, நாக்கில் பிடிக்கிற கசப்போடு இருக்கும் அந்த 60-40 காப்பியில்தான் வீரியம் எல்லாவற்றையும்விடக் குறைவு. ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் லைட்டாகக் குடிக்கிறேன் என்று கறுக்க வறுக்காத பொடிக்கு மாறுகிறவர்களுக்கும் பலன் கிடைக்காது, வறுவல் மாறினால் காஃபீன் பெரிதாக மாறுவதில்லை.

சரி, கடையில் என்ன சொல்லி வாங்குவது? பாலோடுதான் குடிப்பேன் என்பவர்கள் கொஞ்சம் கசப்பைத் தாராளமாகக் கேட்கலாம், பாலில் உள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், மெல்லிய வறுவல் அதில் காணாமல் போய்விடும். நடுத்தரத்தைத் தாண்டிய வறுவலில், கொட்டையில் பிளாண்டேஷன் முக்கால், ரொபஸ்டா கால், மொத்தக் கலவையில் சிக்கரி 10 முதல் 20 சதவீதம் என்று ஆரம்பிக்கலாம் என்பது என் கட்சி. பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிப்பவர்களுக்குச் சிக்கரியே வேண்டாம், நடுத்தர வறுவல் அராபிகா போதும். கருப்பட்டி போடுகிறவர்கள் விலை கூடின அராபிகாவை வீணாக்காதீர்கள், கருப்பட்டியின் மணமும் அந்த லேசான உப்புக் கரிப்பும் அதை அமுக்கிவிடும், ரொபஸ்டாதான் அதோடு மல்லுக்கு நிற்கும். பால் சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்து, கருப்பட்டிக் காப்பியின் கொதி அடங்கிய பிறகு சேருங்கள், இல்லாவிட்டால் திரிந்துபோக வாய்ப்பு அதிகம்.

நம் குமரி மாவட்ட மலைகள் ரப்பருக்கும் கிராம்புக்கும்தான் பேர்போனவை, காப்பிக் கொட்டை பெரும்பாலும் வேறு மலைகளிலிருந்துதான் வர வேண்டும். அதனால் நாகர்கோவிலானாலும் தக்கலையானாலும், கண் முன்னால் வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடையாகப் பார்த்து 100 கிராம் மட்டும் வாங்குங்கள். அடுத்த தடவை ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், சிக்கரியையோ, வறுவலையோ, அரைப்பையோ. "ஸ்ட்ராங்கா வேணும்" என்பதற்குப் பதில் "கசப்பு இவ்வளவு போதும், கட்டியா இறங்கணும், சிக்கரி பத்துக்கு மேல வேண்டாம்" என்று சொன்னால் கடைக்காரர் ஒரு நிமிஷம் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார், அப்புறம் சரியாகக் கலந்து கொடுப்பார்.