மனநல ஓ.பி. சீட்டில் இருக்கும் அந்த மூன்றெழுத்துகள்

மனநலப் பிரிவில் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பலர் முதலில் செய்கிற வேலை, ஓ.பி. சீட்டை போனில் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் படித்த பிள்ளை ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான். அந்தப் பிள்ளை கூகுளில் தேடி ஏதோ ஒன்றைச் சொல்லும். அதைக் கேட்டுப் பயந்துபோய்த் திரும்பி வருகிறவர்களோடுதான் என் மதிய நேரம் பெரும்பாலும் கழிகிறது. அரசு மருத்துவமனை ஒன்றில் மனநலச் சமூகப் பணியாளராக இருக்கிறேன்.

சீட்டில் இருக்கும் சுருக்கங்கள் டாக்டரும் நர்ஸும் தங்களுக்குள் வேகமாக விஷயத்தைக் கடத்திக்கொள்ள ஏற்பட்டவை. நெரிசலான ஓ.பி.யில் அவை இல்லாமல் வேலை ஓடாது. ஆனால் அதே சீட்டு உங்கள் வீட்டுக்கு வரும்போது, அதில் உள்ளதை யாராவது உங்களுக்குப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் கேளுங்கள். ஓர் எழுத்தைத் தவறாகப் படித்ததால் மருந்தை நிறுத்தியவர்களையும், சிகிச்சையே வேண்டாமென்று எழுந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஓர் அண்ணன் தன் தங்கையின் டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டி, "மேடம், இந்த பி.பி.டி.யை நெட்ல பார்த்தேன். இது குணத்துலயே இருக்கிற கோளாறாம், மாத்திரையால சரியாகாதாம். அப்புறம் எதுக்கு மேடம் இத்தனை மாத்திரை?" என்று கேட்டார். அதில் எழுதியிருந்தது பி.பி.ஏ.டி. நடுவில் இருந்த 'ஏ' அவர் கண்ணில் படவில்லை. பி.பி.ஏ.டி. என்றால் பைபோலார் அஃபெக்டிவ் டிஸார்டர், அதாவது இருதுருவ மனநிலைக் கோளாறு. சில காலம் அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமின்மை, பணத்தை வாரி இறைப்பது. வேறு சில காலம் எழுந்திருக்கவே முடியாத சோர்வு. இரண்டுக்கும் இடையில் பழையபடி நன்றாக இருப்பார்கள். மருந்துதான் இதற்கு முதல் ஆதாரம். பி.பி.டி. என்பது பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர். உறவுகளிலும் உணர்ச்சிகளிலும் நிலைகொள்ளாத தவிப்பு அது. அதற்கு உளவியல் சிகிச்சை முதன்மையானது, அதனால் நன்றாகத் தேறியவர்கள் நிறைய பேர் உண்டு. இரண்டுக்கும் வழி வேறு. அந்தத் தங்கை மூன்று நாளாக, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரையைச் சாப்பிடாமல் இருந்தார். அதற்குக் காரணம் அந்த ஒரே எழுத்து.

நோயின் பெயருக்கு முன்னால் வருவதையும் கவனியுங்கள். கே/சி/ஓ என்றிருந்தால் ஏற்கெனவே உறுதியான நோய். ஆர்/ஓ என்றிருந்தால் 'இது இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்' என்று டாக்டர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்பு. வெறும் கேள்விக்குறி இருந்தால் சந்தேகம் மட்டுமே. இந்தக் கேள்விக்குறி ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எப்படியோ உதிர்ந்துவிடுகிறது. முதல் சீட்டில் '? ஸ்கிசோஃப்ரினியா' (மனச்சிதைவு நோய்), இரண்டாவதில் வெறும் ஸ்கிசோஃப்ரினியா, மூன்றாவதில் கே/சி/ஓ ஸ்கிசோஃப்ரினியா. இடையில் யாரும் புதிதாக எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். திடீரென்று தொடங்கிய மனச்சிதைவு போன்ற அறிகுறிகளுக்கு ஏ.டி.பி.டி. (அக்யூட் அண்ட் ட்ரான்சியன்ட் சைக்கோட்டிக் டிஸார்டர்) என்று ஒரு தனிப் பெயர் இருக்கிறது. சில வாரங்களிலோ இரண்டு மூன்று மாதங்களிலோ முழுதாகச் சரியாகிவிட வாய்ப்புள்ள நிலை அது. அப்படி வந்து போன இருபது வயதுப் பிள்ளைக்கு, உதிர்ந்துபோன ஒரு கேள்விக்குறியால் ஆயுளுக்கும் வேறொரு நோயின் பெயர் ஒட்டிக்கொள்ளக் கூடாது. பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

சில சீட்டுகளில் நோயின் பெயரே இருக்காது, எஃப் 20, எஃப் 31, எஃப் 32 என்று எண் மட்டும் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 10 என்ற நோய்ப் பட்டியலில் இவை முறையே ஸ்கிசோஃப்ரினியா, இருதுருவக் கோளாறு, மனச்சோர்வு. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி. 11-இல் எண்கள் மாறிவிட்டன. ஸ்கிசோஃப்ரினியா அதில் 6ஏ20. எண் மாறியதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி, மிக அதிகமாகக் குழப்பும் மூன்று பெயர்கள்: இ.சி.ஜி., இ.இ.ஜி., இ.சி.டி. முதலாவது இதயத் துடிப்பைப் பதிவு செய்வது. சில மனநல மருந்துகள் இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடங்கும் முன் எடுக்கச் சொல்வார்கள். இரண்டாவது மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது, வலிப்பு இருக்கிறதா என்று பார்க்க உதவும். இரண்டிலும் உடலுக்குள் கரண்ட் எதுவும் செலுத்தப்படுவதில்லை. தலையில் ஒயர்களை ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, "என் புள்ளைக்கு ஷாக் வைக்கிறாங்க" என்று அழுதபடி வரும் தாய்மார்களிடம் அது இ.இ.ஜி. என்று புரியவைப்பதற்குள் அவர்களுக்குப் பாதி உயிர் போய்விடுகிறது.

மூன்றாவதுதான் மின்னதிர்வுச் சிகிச்சை. சினிமாவில் காட்டுவதுபோல நினைவோடு இருப்பவரைக் கட்டிப்போட்டுக் கொடுப்பது இல்லை. மயக்க மருந்தும், தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே செய்கிறார்கள். அவை இல்லாமல் செய்வதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. சாப்பாட்டையே நிறுத்திவிட்ட கடுமையான மனச்சோர்வு, அசையாமல் உறைந்துபோகும் கேட்டடோனியா, உயிரை மாய்த்துக்கொள்ளும் தீவிர எண்ணம் ஆகியவற்றில் இது உயிர் காக்கும் சிகிச்சை. வாரத்துக்கு இரண்டு மூன்று என்று பொதுவாக 6 முதல் 12 முறை கொடுப்பார்கள். சிகிச்சைக் காலத்தை ஒட்டிய சில நினைவுகள் மங்கலாம். அதையும் மறைக்காமல் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு.

இதோடு சேர்ந்த இன்னொரு சுருக்கம் என்.பி.ஓ. முந்தைய நாள் இரவு நர்ஸ் கேஸ் ஷீட்டில் 'என்.பி.ஓ. ஃப்ரம் 10 பி.எம்.' என்று எழுதிவிட்டுப் போவார். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்பது அதன் பொருள். பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்கு அது தெரியாது. காலை ஆறு மணிக்கு வார்டுக்கு டீக்காரர் வருவார். இரவெல்லாம் தூங்காத மகனுக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார். எட்டு மணிக்கு மயக்க டாக்டர் வந்து கேட்டதும் அன்றைய சிகிச்சை ரத்து. மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பதால் அவர் மறுப்பது நியாயம். அந்த அம்மாவைத் திட்டுவதில் ஒரு நியாயமும் இல்லை. எங்கள் வார்டில் இப்போது கட்டில் தலைமாட்டில் 'இரவு 10 மணிக்கு மேல் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்' என்று தமிழில் அட்டை மாட்டுகிறோம்.

மாத்திரைச் சீட்டுக்கு வருவோம். 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஓ.டி. என்றால் ஒரு நாளைக்கு ஒரு முறை, பி.டி. என்றால் இரண்டு முறை, டி.டி.எஸ். என்றால் மூன்று முறை, ஹெச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். தூக்க மாத்திரைக்குப் பக்கத்தில் எஸ்.ஓ.எஸ். என்றிருந்ததைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் தினமும் போட்டுப் பழகிவிட்டவர்கள் உண்டு. பிறகு அதை விடுவது பெரும்பாடு. மாத்திரையின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., சி.ஆர்., இ.ஆர். என்று இருந்தால் மருந்து உடலில் மெதுவாகக் கரையும்படி தயாரிக்கப்பட்டது என்று அர்த்தம். விழுங்க மறுக்கிறார் என்பதற்காக அதைப் பொடி செய்து சாதத்தில் கலந்தால் முழு அளவும் ஒரேயடியாக உடலில் ஏறிவிடும். விழுங்கச் சிரமம் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், சிரப்போ வேறு வகை மாத்திரையோ கிடைக்கும்.

'எஸ். லித்தியம்' என்பது மாத்திரை இல்லை, ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும், ஆகவே அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். பொதுவாக 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டிய இந்த அளவு கூடினால் கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வரும். அப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். ஆர்.எஃப்.டி. சிறுநீரகத்துக்கு, டி.எஃப்.டி. தைராய்டுக்கு. லித்தியம் எடுப்பவர்களுக்கு இரண்டும் அவ்வப்போது வேண்டும். ஸ்கிசோஃப்ரினியாவுக்குத் தரப்படும் க்ளோசபின் என்ற மருந்தை எடுப்பவர்களுக்கு வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க முதல் 18 வாரங்கள் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. இதில் ஒரு வாரம்கூட விடக் கூடாது.

எம்.எஸ்.இ. என்று கேஸ் ஷீட்டில் இருப்பது அன்றைய மனநிலையை டாக்டர் பேசிப் பார்த்து எழுதிய குறிப்பு. அதன் கடைசியில் 'இன்சைட் கிரேடு 1' என்று இருக்கும். தனக்கு நோய் இருப்பதை எந்த அளவு உணர்கிறார் என்பதை ஆறு படிகளில் குறிக்கும் அளவு அது. ஒன்று என்றால் எனக்கு எதுவுமே இல்லை என்கிறார் என்று பொருள். சிகிச்சையில் அந்தப் படி ஏறிக்கொண்டே வரும்.

நான் மிகவும் கவலைப்படும் சுருக்கங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதப்படுபவை. டி.எஸ்.ஹெச். என்றால் வேண்டுமென்றே தனக்குத்தானே தீங்கு செய்துகொண்டது. ஓ.பி.சி. என்றால் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து வகை ஒன்று. அதே ஓ.டி. இங்கே அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கியதைக் குறிக்கும். பக்கத்திலேயே எம்.எல்.சி. (சட்டம் சார்ந்த மருத்துவ வழக்கு) என்று முத்திரை விழும், ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) போடுவார்கள். போலீஸுக்குத் தகவல் போகும் என்று தெரிந்ததும் குடும்பம் நடுங்கிப்போய், "தெரியாம குடிச்சிட்டான் சார், தண்ணின்னு நினைச்சிட்டான்" என்று மாற்றிச் சொல்கிறது. அப்படிச் சொன்னால் சீட்டில் டி.எஸ்.ஹெச். இருக்காது. டி.எஸ்.ஹெச். இல்லாவிட்டால் மனநல டாக்டரிடம் அனுப்ப மாட்டார்கள். வயிற்றைக் கழுவி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மனசுக்குள் இருந்தது அப்படியே இருக்கும்.

இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டியது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. போலீஸ் வந்து விவரம் கேட்பது நடைமுறை. அதற்குப் பயந்து நடந்ததை மறைக்காதீர்கள். மறுபடி அந்த எண்ணம் வந்தால், நள்ளிரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணிலோ 104-லோ தமிழில் பேசலாம்.

ஐடியாஸ் என்பது மனநோயால் ஏற்பட்ட ஊனத்தின் அளவைக் கணக்கிடும் இந்திய அளவுகோல். தன்னைப் பராமரித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை பார்ப்பது என நான்குக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், நோயின் ஆண்டுக் கணக்கும் சேரும். மொத்தம் 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால்தான் பெரும்பாலான அரசுச் சலுகைகள் கிடைக்கும். யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இதை வைத்தே வழங்கப்படுகிறது. 'என் மகன் நல்லா இருக்கான்' என்று கௌரவத்துக்காகச் சொல்லிவிட்டு, சதவீதம் குறைந்ததும் வருந்தும் பெற்றோர் அதிகம். அங்கே வீட்டில் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

என் சக பணியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏ.டி.எஸ். என்பது மதுவுக்கு அடிமையான நிலையைக் குறிக்கும் சுருக்கம். "அஞ்சாம் பெட் ஏ.டி.எஸ். எங்கே?" என்று அந்த மனிதரின் மனைவி காதில் விழும்படி கேட்காதீர்கள். அவர் பெயர் கேஸ் ஷீட்டின் முதல் வரியிலேயே இருக்கிறது.

குடும்பங்களுக்கு: சிகிச்சை பெறுபவர் தன் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறுவதற்கு அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு உரிமை தருகிறது. கூச்சப்படத் தேவையில்லை. டிஸ்சார்ஜ் அன்று கிளம்பும் முன், நோயின் முழுப் பெயர், அது உறுதியானதா சந்தேகமா, எந்த மாத்திரை எத்தனை நாள், அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதி, எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்பவற்றைச் சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டருக்கு நேரமில்லை என்றால் வார்டு நர்ஸிடமோ சமூகப் பணியாளரிடமோ கேளுங்கள். பத்து நிமிட வேலைதான்.