ஃபாரெக்ஸ் கார்டில் மிஞ்சிய டாலரை என்ன செய்வது?

சிங்கப்பூர், துபாய் போய்விட்டு மதுரை ஏர்போர்ட்டில் வந்து இறங்குகிறவர்கள், கையில் மிஞ்சிய நோட்டை மறுவாரமே மாற்ற எங்கள் கவுன்ட்டருக்கு வந்துவிடுகிறார்கள். ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக் கொண்டுபோகிற கார்டில், மிஞ்சியதை மட்டும் கண்டுகொள்வதே இல்லை. பீரோவில் பாஸ்போர்ட்டோடு போட்டுவிட்டு, ரொம்ப நாள் கழித்து "இதுல காசு ஏதும் கெடக்கா பாருங்க சார்" என்று நீட்டுவார்கள். கிடக்கும். ஆனால் சில கார்டுகளில் நெடுநாள் பயன்படுத்தாமல் விட்டால் அதற்கென்றே கட்டணம் பிடிப்பார்கள். அது போக மீதிதான்.

செலவாகாத அந்நியச் செலாவணியை ஊர் திரும்பிய 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டாக வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகையைச் சொல்லி, கார்டையும் சேர்த்துக் கிடப்பில் போடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், ஆறு மாதத்துக்குள் கிளம்ப டிக்கெட் போட்டாயிற்று என்றால் அப்படியே விடுங்கள். "அநேகமா தீபாவளிக்குப் போவோம்" என்கிற ரகம் என்றால் ரூபாயாகத் திருப்பிவிடுங்கள்.

திருப்பும்போது வாங்கிய விலை கிடைக்காது. 140 சிங்கப்பூர் டாலர் மிச்சம். வாங்கியது 70 ரூபாய்க்கு, இன்று வங்கி எடுக்கிற விலை 66 என்று வைத்துக்கொள்ளுங்கள். 9,800 கொடுத்தது 9,240 ஆகத் திரும்பும். அதற்கு மேல் ஜிஎஸ்டி. 25,000 ரூபாய்க்கு உட்பட்ட மாற்றத்துக்கு 45 ரூபாய். சில இடங்களில் திருப்புவதற்கும் தனிக் கட்டணம் உண்டு. ஆகவே கையெழுத்துப் போடுமுன், "எல்லாம் போக அக்கவுன்ட்டில் எவ்வளவு விழும்?" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு டாலர்தான் இருக்கிறது என்றால் அலைச்சலுக்குக்கூடத் தேறாது.

மேலூர்ப் பக்கம் ஒரு அம்மா, மகனைப் பார்த்துவிட்டு வந்தவர், இப்படிக் கேட்டார்: "எங்க கொழுந்தனார் மகன் அடுத்த வாரம் சிங்கப்பூர் போறான். கார்டையும் பின் நம்பரையும் அவன்கிட்டயே குடுத்து விட்டுரட்டுமா தம்பி?" சொந்தபந்தத்துக்குள் இதெல்லாம் சகஜம்தான். ஆனால் கார்டு உங்கள் பாஸ்போர்ட்டையும் பான் எண்ணையும் வைத்துக் கொடுத்தது. அவர் தேய்ப்பதெல்லாம் உங்கள் பெயரில்தான் பதிவாகும். வேண்டாம்மா என்று சொல்லி, பணத்தைத் திருப்பும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

வந்த மறுநாளே ஓடிவரவும் வேண்டாம். ஓட்டலில் முன்பணமாக நிறுத்திவைத்த தொகை விடுபடச் சில நாள், சில நேரம் சில வாரம்கூட ஆகும். பேலன்ஸில் அது காட்டாது. அவசரப்பட்டு முடித்தால், பின்னால் விடுபடுகிற தொகைக்கு இன்னொரு தடவை அலைய வேண்டும். கடைசியாகச் செலவழித்த தொகையெல்லாம் ஸ்டேட்மென்ட்டில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கார்டை எங்கே வாங்கினீர்களோ அங்கேதான் திருப்ப வேண்டும். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் வாங்கியதை எதிர்க்கடையில் நீட்டினால் எடுக்க மாட்டார்கள். கார்டு, பாஸ்போர்ட் நகல், பான் நகல், கேன்சல் செய்த செக் ஒன்று, இவை போதும். பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரும். இங்கேயே ஏடிஎம்மில் எடுத்துவிடலாம் என்று முயன்று பார்க்காதீர்கள். இந்தியா, நேபாளம், பூட்டான் மூன்றிலும் இந்தக் கார்டு செல்லாது.

இன்னும் ஊர் திரும்பாதவர்களுக்கு ஒன்று. ஓட்டலைக் காலி செய்யும்போது, கார்டில் இருக்கும் தொகையைச் சதம் வரை சொல்லி, "இவ்வளவு இதில் எடுங்கள், பாக்கியை வேறு கார்டில் தருகிறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். மெஷினில் "ரூபாயிலா, டாலரிலா?" என்று கேட்டால் அந்த ஊர்ப் பணத்தையே அமுக்குங்கள். சில்லறைக் காசையும் அங்கேயே காபிக்குச் செலவழித்துவிடுங்கள்; நாணயத்தை நாங்கள் வாங்குவதில்லை.