ஆர்எம்மாட் தொங்கி நிற்கிறதா? த்ரெட்டின் தூக்கத்தைப் பாருங்கள்

மாட்யூலைக் கழற்றும் ஆர்எம்மாட் கட்டளை முடியாமல் தொங்கினால், அந்த மாட்யூல் தொடங்கிய கெர்னல் த்ரெட் (கெர்னலுக்குள்ளேயே பின்னணியில் ஓடும் வேலை) நிற்காமல் இருக்கலாம். லினக்ஸ் கெர்னல் த்ரெட்டை வெளியிலிருந்து கொல்ல வழியில்லை. சிக்னல்களை அது இயல்பாகவே புறக்கணிக்கும். கில் -9 வேலைக்கு ஆகாது. த்ரெட்டை நிறுத்த மாட்யூல் அழைக்கும் கேத்ரெட்_ஸ்டாப்() 'நில்' என்ற ஃப்ளாகை (அடையாளக் குறியை) வைத்து, த்ரெட்டை எழுப்பி, அது முடியும்வரை காத்திருக்கும், அவ்வளவுதான். கேத்ரெட்_ஷுட்_ஸ்டாப்() மூலம் ஃப்ளாகைப் பார்த்து வெளியேறுவது த்ரெட்டின் பொறுப்பு. அது வெளியேறாவிட்டால், அழைத்த ஆர்எம்மாட் டி நிலையில் (சிக்னலாலும் எழுப்ப முடியாத தூக்கத்தில்) சிக்கும். இயல்பான அமைப்பில், 120 விநாடி கழித்து ஹங் டாஸ்க் (வேலை தொங்கி நிற்கிறது என்ற) எச்சரிக்கை லாகில் வரும்.

பெரும்பாலும் பிழை இருப்பது ஒரே இடத்தில். த்ரெட் ஃப்ளாகைப் பார்க்கிறது, அது இன்னும் வைக்கப்படவில்லை. அந்தக் கணத்தில் இன்னொரு சிபியு ஃப்ளாகை வைத்து எழுப்புகிறது. த்ரெட்தான் விழித்திருக்கிறதே, எழுப்பல் வீணாகிறது. பிறகு த்ரெட் தன் நிலையை டாஸ்க்_இன்டரப்டிபிள் (தூங்கும் நிலை) என்று மாற்றி, சிபியுவை விட்டுக்கொடுக்கும் ஷெட்யூல்() அழைத்துத் தூங்கிவிடுகிறது. இனி எழுப்ப ஆளில்லை. சரியான வரிசை இதுதான்: நிலையை முதலில் மாற்றுங்கள், பிறகு ஃப்ளாகைப் பாருங்கள், கடைசியில் ஷெட்யூல்(). இடையில் எழுப்பல் வந்தால் நிலை மீண்டும் டாஸ்க்_ரன்னிங் (ஓடும் நிலை) ஆகிவிடும், தூக்கம் பிடிக்காது. நிலையை மாற்றிய பின், ஷெட்யூல்() வரும்வரை, மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டு) பூட்டவோ சில மில்லிவிநாடி தூங்கவைக்கும் எம்ஸ்லீப்() அழைக்கவோ கூடாது. அவையே நிலையை டாஸ்க்_ரன்னிங்குக்குத் திருப்பிவிடும். இந்த வரிசையைக் கையால் எழுதுவதைவிட நிபந்தனை நிறைவேறும்வரை தூங்கவைக்கும் வெயிட்_ஈவென்ட்_இன்டரப்டிபிள்() நல்லது. ஆனால் அதன் நிபந்தனையில் 'வேலை இருக்கிறதா' என்பதோடு 'நிற்க வேண்டுமா' என்பதும் இருக்கவேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டு வரும் பேட்ச்களை விமர்சனத்தில் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

கழற்றும் வரிசையும் முக்கியம். த்ரெட்டுக்கு வேலை கொடுப்பவற்றை முதலில் நிறுத்துங்கள்: ஃப்ரீ_ஐஆர்கியூ() (வன்பொருள் இன்டரப்டை விடுவிப்பது), டைமர் நிறுத்தம். பிறகு த்ரெட். நினைவகத்தை விடுவிப்பது கடைசியில்தான். த்ரெட்டுக்குத் தேவைப்படும் மியூட்டெக்ஸைப் பிடித்துக்கொண்டே கேத்ரெட்_ஸ்டாப்() அழைத்தால் இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்துக் கிடப்பார்கள்.

த்ரெட் தானாகவே முடியக்கூடியது என்றால், தொடக்கத்திலேயே கெட்_டாஸ்க்_ஸ்ட்ரக்ட்() மூலம் அதன் தரவமைப்பைப் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத்தான் நிறுத்தப் போவீர்கள். உருவாக்கிய த்ரெட் ஓடுவதற்கு முன்பே நிறுத்தினால் அதன் ஃபங்ஷன் அழைக்கப்படாமலே, கேத்ரெட்_ஸ்டாப்() மைனஸ் ஈஇன்டர் என்ற பிழை எண்ணைத் திருப்பும். ஆகவே ஃபங்ஷனுக்குள் மட்டும் சுத்தப்படுத்தும் கோடு இருந்தால் அந்த நினைவகம் கசியும்.

சோதிக்க, ஃப்ளாகைப் பார்க்கும் வரிக்கும் ஷெட்யூல்() வரிக்கும் நடுவே தூங்காமல் காக்கவைக்கும் எம்டிலே() கொண்டு சில மில்லிவிநாடி தாமதம் வையுங்கள். காசானும் (நினைவகப் பிழைகளைப் பிடிப்பது) லாக்டெப்பும் (பூட்டுப் பிழைகளைப் பிடிப்பது) இயக்கிய கெர்னலில் மாட்யூலைச் சில நூறு முறை ஏற்றி இறக்குங்கள். மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் பிழைகூடச் சில நிமிடங்களில் வெளிப்படலாம்.