தப்பு அவன் மேலதான், சரி... முட்டி யாரோடது?

இன்னிக்கு காலையில, பைக்ல போய் விழுந்து முட்டி போன இன்னொரு பையன். இந்த மாசத்துல நாலாவது ஆளு, ஆளுதான் வேற, கதை அதேதான். நான் பிசியோதெரபிஸ்ட், சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம் 12 வருஷமா இதே வேலை. எலும்பு டாக்டருக்கு ஒரு பேஷண்டோட அஞ்சு நிமிஷம் கிடைச்சாலே பெருசு, எக்ஸ்ரே பாப்பாரு, கம்பி சரியா உக்காந்திருக்கான்னு பாப்பாரு, அடுத்த ஆள கூப்பிட்டுடுவாரு. என்கிட்ட அப்படி இல்ல. முட்டிய மடக்கறப்போ வலி தெரியக்கூடாதுன்னு நானே பேச்சு குடுப்பேன், 40 நிமிஷம், வாரத்துக்கு மூணு நாள், ரெண்டு மூணு மாசம். போலீஸ்கிட்ட சொல்லாதது, வீட்டுல சொல்லாதது எல்லாம் அந்த டேபிள்ல படுத்துக்கிட்டேதான் வெளிய வரும்.

எல்லாரும் ஆரம்பிக்கறது மட்டும் ஒரே மாதிரி. "மேடம், என் மேல தப்பே இல்ல."

இன்னிக்கு வந்த தம்பிக்கு 23 வயசு. கொண்டலாம்பட்டி பைபாஸ்ல போயிட்டிருந்தாப்ல, ஒரு வெள்ளக் கார் இடது பக்கமா ஏறி வந்து, இண்டிகேட்டரும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, சர்ருனு முன்னாடி நுழைஞ்சிருக்கு. தம்பி பிரேக் புடிச்சு, வண்டி ஆடி, எப்படியோ கால ஊனி நிறுத்திட்டாப்ல. நல்லா கவனிங்க, இது வரைக்கும் உடம்புல ஒரு கீறல் இல்ல. அதுக்கப்புறம்தான் கோபம் வந்திருக்கு. சீலநாயக்கன்பட்டி வரைக்கும் துரத்திப் போயி, கார் பக்கத்துலயே ஓட்டிக்கிட்டு கண்ணாடிய தட்டி "கண்ணு தெரியலையாடா"ன்னு கேட்டிருக்காப்ல. கேட்டுக்கிட்டே போனதுல முன்னாடி ஸ்லோ பண்ணின மினி லாரிய பாக்கல. கார்க்காரன் கண்ணாடிய கூட இறக்கலையாம், அப்படியே போயிட்டான். 60ல போறப்போ வண்டி ஒரு செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல போகுது, "கண்ணு தெரியலையாடா"ன்னு முழுசா சொல்லி முடிக்க ஒரு செகண்டாவது ஆகும், கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

இதுலதான் எனக்கு பொறுமை போகுது. கட் அடிச்சவன் மேல எனக்கு என்ன பாசமா, அவனுக்கு லைசன்ஸ் குடுத்தது யாருன்னு நானும்தான் தினமும் கேக்கறேன். ஆனா என் டேபிளுக்கு வர்ற நிறைய பேரு, அந்த முட்டாள் பண்ணின முதல் காரியத்துல தப்பிச்சவங்க. அதுக்கு அப்புறம் தாங்க பண்ணின காரியத்துல விழுந்தவங்க. துரத்தறது, முந்திப் போய் முன்னாடி சடன் பிரேக் போடறது, சைடு மிரர உதைக்கறது. உதைச்சவர் ஒருத்தர் வந்தாரு, மிரர் உடையல, இவரு பேலன்ஸ் போயி கணுக்கால் மூணு இடத்துல உடைஞ்சுது. அவருக்கு 41 வயசு, பொண்ணு பிளஸ் டூ படிக்குது. என்னத்த சொல்ல.

சரி, இந்த "என் மேல தப்பில்ல"க்கு வருவோம், ஏன்னா இத யாரும் விடவே மாட்டேங்கறாங்க. இது கேஸ் நடக்கறப்போ வேணும், இன்சூரன்ஸ் கிளைம்க்கு வேணும், வக்கீல்கிட்ட சொல்லுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா வண்டி ஓட்டறப்போ அத தலையில வெச்சுக்கிட்டு ஓட்டினா அது வேற வேலை பண்ணும், கை பிரேக்குக்கே போகாது. மெயின் ரோடு என்னுது, சந்துலேர்ந்து வர்றவன்தான் நிக்கணும், அதனால நான் ஏன் ஸ்லோ பண்ணணும்? எனக்கு பச்சை விழுந்தாச்சு, அவன் சிகப்புல வந்தா அவன் தப்பு. நான் என் லைன்லதான் போறேன், ஹாரன் அடிச்சேன், அவன் ஒதுங்கியிருக்கணும். எல்லாமே சரின்னே வெச்சுக்கோங்க. ஆனா நீங்க யாரு தப்புன்னு முடிவு பண்ணிட்டு இருக்கற அந்த ஒரு செகண்டுல உங்க கை சும்மா இருக்கு. சந்துலேர்ந்து மூக்க நீட்டற ஆட்டோவுக்கு உங்க உரிமை பத்தி எந்தக் கவலையும் இல்ல, அவனுக்கு இருக்கற ஒரே கவலை எதுத்தாப்புல கை காட்டற பாட்டி. கார்காரனுக்கு பம்பர் போச்சுன்னா ஷோரூம்ல மாத்திக்குவான். நமக்கு முன்னாடி பம்பர்னு இருக்கறதே இந்த முட்டிதான். அடிச்சுட்டு நிக்காம போயிட்டான், வண்டி நம்பரும் தெரியலன்னா, பலத்த காயத்துக்கு அரசாங்கம் தர்ற நஷ்ட ஈடு 50,000 ரூபாய், 2022லேர்ந்து அதான் கணக்கு. உள்ள வெக்கற பிளேட், ராடு பில்ல கையில வாங்கிப் பாத்தவங்களுக்கு அது எந்த மூலைக்குன்னு தெரியும்.

இதுக்கு கூடப் பொறந்த மாதிரி இன்னொரு டயலாக் இருக்கு, "அவன் என்ன பாத்தான் மேடம், கண்ணுக்கு கண்ணு பாத்தான், பாத்துட்டே வந்து விட்டான்". பாத்திருக்க மாட்டாங்க. முகம் உங்க பக்கம் திரும்பியிருக்கும், அவ்ளோதான். கார் முன் கண்ணாடிக்கு ரெண்டு ஓரத்துலயும் தூண் மாதிரி ஒன்னு வருதில்ல, அதுக்குப் பின்னாடி ஒரு முழு பைக்கும் ஆளும் மறைஞ்சிடும், வேணும்னா யாராவது கார்ல டிரைவர் சீட்ல உக்காந்து பாருங்க. அதோட அந்த ஆளு தேடறது கார், பஸ், லாரி. நேரா வர்ற பைக் சின்னதா தெரியறதால தூரத்துல இருக்கு, மெதுவா வருதுன்னு நெனச்சுட்டு திருப்பிடுவான். அதனால அவன் கண்ண பாக்கறதுக்கு பதிலா அவன் முன் சக்கரத்த பாருங்க. கண்ணு பொய் சொல்லலாம், சக்கரம் திரும்பாம கார் திரும்ப முடியாது. அது அசைஞ்சுதுன்னா நீங்க ஏற்கனவே பிரேக்ல இருக்கணும்.

இண்டிகேட்டர நம்பாதீங்க. நம்ம ஹைவேல லாரி வலது இண்டிகேட்டர் போட்டா வலது பக்கம் திரும்பறேன்னும் அர்த்தம், முந்திக்கோன்னும் அர்த்தம், நேத்து போட்டத அணைக்க மறந்துட்டேன்னும் அர்த்தம். எதுத்தாப்புல லைட்ட டிம் டிப் அடிச்சா "நீ வா"ன்னு நெனச்சு போயிடாதீங்க, நம்ம ஊர்ல அதுக்கு "நான் வரேன், நீ நில்லு"ன்னுதான் அர்த்தம்.

பெண்கள் ஸ்கூட்டி ஓட்டறப்போ இன்னொரு இம்சை இருக்கு, ஓட்டறவங்களுக்கு தெரியும். பின்னாடியே ஒட்டிக்கிட்டு ஹாரன அழுத்திட்டே வருவானுங்க, பயமுறுத்தினா ஒதுங்குவான்னு. அஞ்சு ரோட்டுல ஈரடுக்கு மேம்பாலம் 2020ல திறந்ததுலேர்ந்து மேல போறவங்க வேகம் ஏறிடுச்சு, பாலம் இறங்கி கீழ ரோட்டோட சேர்ற இடத்துல எனக்கே வாரத்துக்கு ஒருமுறை இது நடக்குது. அப்ப நான் பண்றது இதுதான்: பதறி இடது பக்கம் வெட்டறது கிடையாது, ஏன்னா அங்க இன்னொரு வண்டி இருக்கும். பிரேக் லைட்ட காட்டி மிரட்டறதும் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா ஆக்சிலேட்டர விட்டு எனக்கு முன்னாடி இருக்கற கேப்ப பெருசாக்கிக்குவேன், அப்பதான் முன்னாடி எவனாவது நின்னாலும் நான் சடனா புடிக்க வேண்டியதில்ல, பின்னாடி இருக்கறவனுக்கும் டைம் கிடைக்கும். மிரர பாத்து, இடம் கிடைச்சதும் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கிடுவேன். போய்த் தொலையட்டும். என் வீட்டுக்காரர் "நீ ஏன் ஒதுங்கற"ன்னு கேப்பாரு. அவரு முட்டிய நான் இன்னும் மடக்கல, அதனால கேக்கறாரு.

ஷேர் ஆட்டோ பின்னாடி போறவங்க ஆட்டோவ பாக்காதீங்க, ரோட்டோரம் நிக்கறவங்க கைய பாருங்க. கை எழுந்துச்சுன்னா ஆட்டோ அங்கயே நிக்கும். நின்ன பஸ்ஸுக்கு இடது பக்கம் கேப் இருக்குன்னு நுழையறது சுத்த முட்டாள்தனம், ஆளுங்க இறங்கறதே அந்தப் பக்கம்தான். லாரி பக்கத்துல போறப்போ அவன் சைடு மிரர்ல டிரைவர் மூஞ்சி உங்களுக்குத் தெரியலன்னா, உங்க மூஞ்சி அவருக்குத் தெரியல. திரும்பற லாரியோட பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியிலயே வராது, உள்ள வெட்டிக்கிட்டு வரும், அந்த மூலையில நிக்கவே நிக்காதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். நிறுத்தின கார் வரிசைய ஒட்டிப் போகாதீங்க, ஒரு கதவு அகலம் தள்ளிப் போங்க. தொப்பூர் எறக்கத்துல லோடு லாரிக்கு முன்னாடி வேடிக்கை பாத்துட்டு போகாதீங்க, அந்த லாரிக்கு பிரேக் இருக்கான்னு அந்த டிரைவருக்கே கீழ வந்தாதான் தெரியும்.

ஏற்காடு. ஞாயித்துக்கிழமை ஏற்காடுன்னா திங்கக்கிழமை எனக்கு போன் வரும்னு அர்த்தம். அடிவாரத்துலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவு, சமதளத்துல மட்டுமே ஓட்டிப் பழகின கார்க்காரங்க குடும்பத்தோட வந்து, பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல இறக்கி, பாதி வழியில பிரேக் கருகற வாசம் அடிக்க வருவாங்க. கோடை விழா சமயத்துல கேக்கவே வேண்டாம். அங்க பஸ்ஸு வளைவுல முழு ரோட்டையும் எடுக்கும், எடுத்துதான் ஆகணும், அது நீளத்துக்கு வேற வழி இல்ல. அதப் போய் "என் சைடுல வந்துட்டான்"னு சொல்லிக்கிட்டு உள் பக்கம் நுழையறாங்க பசங்க. ஹாரன் கேட்டா வளைவுக்கு முன்னாடியே நின்னுடுங்க, பஸ் போகட்டும். ஒடுங்கின இடத்துல ஏறி வர்ற வண்டிக்குதான் இறங்கறவங்க வழி விடணும், இது மரியாதைக்குச் சொல்றது இல்ல, சட்டத்துலயே இருக்கு. இறங்கறப்போ ரெண்டாவது கியர்ல இறக்குங்க, எந்த கியர்ல ஏறினீங்களோ கிட்டத்தட்ட அதே கியர். பின்னாடி எவனாவது அவசரப்பட்டா ஓரமா அகலம் இருக்கற இடமா பாத்து நிறுத்தி, கொரங்கு வேடிக்கை பாத்துட்டு மெதுவா வாங்க. ஆனா வளைவுல நிறுத்தி செல்பி எடுக்கற ஜென்மங்கள பத்தி நான் எழுத ஆரம்பிச்சா இது முடியாது.

உடைஞ்ச எலும்பு கூட பரவால்லங்க, சேர்ந்துடும். எனக்கு பயம் தோள்பட்டை. பைக்லேர்ந்து தூக்கி எறிஞ்சு தோள் மேல விழறவங்களுக்கு கழுத்துலேர்ந்து கைக்கு வர்ற நரம்புக் கொத்து இழுபட்டு அறுந்துடலாம். எக்ஸ்ரேல எலும்பு எல்லாம் நல்லா இருக்கும், கை மட்டும் தொங்கும். நரம்பு வளர்ற வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், கழுத்துலேர்ந்து விரல் நுனி எவ்ளோ தூரம்னு ஒரு டேப் வெச்சு அளந்து பாருங்க. அதுவும் வேரோட பிடுங்கிட்டு வந்திருந்தா தானா வளர்றதுக்கே வழி இல்ல. கை தூக்க முடியலன்னா "வீக்கம் வத்தினா சரியாயிடும்"னு உக்காந்திருக்காதீங்க, அதுக்கு ஆபரேஷன் சில மாசத்துக்குள்ள பண்ணினாதான் பிரயோஜனம். எட்டு மாசம் எண்ணெய் தடவிட்டு என்கிட்ட வந்தவர் ஒருத்தர் இருக்காரு, தறி ஓட்டறவரு, வலது கை.

ஹெல்மெட் பத்தி ஒரே வார்த்தை, ஸ்டிராப் மாட்டுங்க. மாட்டாத ஹெல்மெட் உங்களுக்கு முன்னாடியே போய் விழும்.

அப்புறம் எவனாவது கட் அடிச்சுட்டு போனா, ஓரமா நிறுத்துங்க, கை நடுக்கம் நிக்கட்டும். நம்பர் ஞாபகம் இருந்தா எழுதி வைங்க, நிஜமாவே ஆபத்தா ஓட்டறான்னா 112க்கு சொல்லுங்க. யாராவது விழுந்து கிடந்தா நின்னு 108 கூப்பிடுங்க, உதவி பண்றவங்கள கேஸுன்னு இழுக்கக் கூடாதுன்னு 2019லயே சட்டத்துல சேத்தாச்சு, முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு நம்ம தமிழ்நாட்டுலயே தனித் திட்டம் இருக்கு, அதனால காசு இல்லன்னு பயந்து நாட்டுக் கட்டுக்கு தூக்கிட்டு போகாதீங்க. இறுக்கிக் கட்டி விரல் நீலமா மாறி வந்த கேஸ் எல்லாம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்களுக்கும் ஒன்னு சொல்லிடறேன், இன்னிக்கு அந்த தம்பியோட அம்மாகிட்ட கத்திட்டு வந்தேன் பாவம். முட்டிக்கு அடியில தலகாணி வெக்காதீங்கம்மா. பையனுக்கு சுகமா இருக்கும்னு வெக்கறீங்க, புரியுது, ஆனா அப்படியே விட்டா முட்டி அந்த வளைவுலயே இறுகிப்போயி நேராவே நிக்காது. குதிகாலுக்கு அடியில ஒரு துண்ட சுருட்டி வைங்க, முட்டி காத்துல நிக்கட்டும். டாக்டர் ஓகே சொன்ன நாள்லேர்ந்தே மடக்க ஆரம்பிச்சிடணும். இப்ப அவனுக்கு 55 டிகிரி மடங்குது. சேர்ல ஒழுங்கா உக்கார 90 வேணும், நம்ம வீட்டு பாத்ரூமுக்கு 130. அந்தக் கார் நம்பர மட்டும் மனப்பாடமா சொல்றான்.