ஔவையாரைத் தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

நூலகக் கணினியில் ‘ஔவையார்’ என்று தட்டுகிறார் ஒரு வாசகர். ‘முடிவுகள் இல்லை’ என்று வருகிறது. மூன்றடி தள்ளி அலமாரியில் ஆத்திசூடி உரை இரண்டு பிரதி நிற்கிறது. பதிந்தவர் ‘ஒளவையார்’ என்று பதிந்துவிட்டார், அவ்வளவுதான். முதலாவதில் இருப்பது ஔ என்ற ஓரெழுத்து. இரண்டாவதில் ஒ, ள என்று இரண்டெழுத்து. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல்.

நூலகத்தை நவீனமாக்குவது என்றதும் வாசகரே புத்தகத்தைப் பதிந்து எடுக்கும் தானியங்கிக் கியாஸ்க், புத்தகத்தில் ஒட்டும் ரேடியோ சில்லான ஆர்எஃப்ஐடி, தொடுதிரை என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அவற்றுக்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்தத் தேடல் பெட்டியை. ‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்பது சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது. அலமாரியில் இருக்கும் புத்தகத்தை ‘இல்லை’ என்று சொல்லும் பட்டியல், அந்த நேரத்தை வீணாக்குவதோடு வாசகரையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறது.

ஔகாரப் பிழை ஔவையாரோடு நிற்பதில்லை. எழுத்தாளர் மௌனி ‘மெளனி’ ஆகிறார், பௌத்தம் ‘பெளத்தம்’ ஆகிறது. இதைத் திருத்தப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, பட்டியல் முழுவதிலும் ‘ஒள’ வரும் இடமெல்லாம் ‘ஔ’ என்று ஒரே அடியாக மாற்றுவது. ‘ஒளி’ என்ற சொல்லும் ஒ, ளி என்றுதான் தொடங்குகிறது. அதுவும் சேர்ந்து உடையும். ‘வெள’வை ‘வௌ’ ஆக்கினால் வெள்ளம், வெளி எல்லாம் போச்சு. எனவே முழுச்சொல்லாகத்தான் மாற்ற வேண்டும்: ஒளவை, ஒளடதம், மெளன, பெளத்த, வெளவால் என்று ஒரு சிறு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக. கோஹா என்ற நூலக மென்பொருளைப் பயன்படுத்தும் நூலகங்களில் மார்க் திருத்த வார்ப்புரு, மொத்தப் பதிவுத் திருத்தம் என்ற வசதிகள் இதற்கு உதவும். (ஒரு நூலின் விவரங்களை எண்ணிட்ட புலங்களாகப் பதியும் வடிவம்தான் மார்க்.) முதலில் தரவுத்தளத்துக்கு ஒரு பேக்கப், பிறகு பத்துப் பதிவுகளில் சோதனை, அதன் பிறகு மீதி.

‘ஸ்ரீ’யிலும் இதே சிக்கல் உண்டு. ஸ-வை வைத்து எழுதுவது ஒன்று, ஶ-வை வைத்து எழுதுவது இன்னொன்று. எந்த விசைப்பலகை எதைத் தரும் என்று தட்டச்சு செய்பவருக்கே தெரியாது.

கோஹாவிலேயே கவனிக்க வேண்டிய அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் ஜீப்ரா தேடுபொறி சொற்களை அட்டவணைப்படுத்த சிஎச்ஆர், ஐசியு என்று இரண்டு முறை உண்டு. சிஎச்ஆர் லத்தீன் எழுத்துகளுக்காக அமைந்தது. தமிழுக்கு ஐசியு வேண்டும். மாற்றிய பின் முழு அட்டவணையையும் புதிதாகக் கட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு, ‘மாற்றிப் பார்த்தோம், பலனில்லை’ என்று பழைய முறைக்கே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பதிவுகள் இன்னொரு தலைவலி. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குவியலாகத்தான் திரையில் தெரியும். யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் எல்லாப் பதிவுகளையும் சேர்த்து அதில் போட்டால், உண்மையான ஆங்கிலத் தலைப்புகளும் பொருளற்ற தமிழாகிவிடும். மார்க் 008ஆம் புலத்தில் மொழிக் குறியீடு இருக்கிறது. அதை வைத்துத் தமிழ்ப் பதிவுகளை மட்டும் பிரித்தெடுத்து, புலம் புலமாக மாற்றுவதே பாதுகாப்பு.

தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்திருக்கும் நூலகங்களின் கதை வேறு. ‘சிறுகதைகள்’ என்பதை எஸ் போட்டுத் தொடங்குகிறவரும் உண்டு, சி போட்டுத் தொடங்குகிறவரும் உண்டு. ‘த’வுக்கு டி போதும் என்பவரும் டிஎச் வேண்டும் என்பவரும் ஒரே நூலகத்தில் அடுத்தடுத்த மேசையில் இருப்பார்கள். தலைப்புக்கான 245ஆம் புலத்தில் தமிழ் எழுத்தே இருக்கட்டும். ஆங்கில எழுத்து வடிவம் வேண்டுமென்றால் அதற்கு 880ஆம் புலம் இருக்கிறது. ‘நாட்டுப்புறப்பாடல்கள்’, ‘நாட்டுப்புறப் பாடல்கள்’, ‘நாட்டுப்புற பாடல்கள்’ என்று ஒற்றும் இடைவெளியும் மாறும் வடிவங்களை, மாற்றுத் தலைப்புக்கான 246இல் சேர்க்கலாம். சொல்லின் முன்பகுதியை வைத்துத் தேடும் வசதி ‘சோழர்’ என்று கேட்டால் ‘சோழர்கள்’ வரை தரும். ‘மரம்’ என்று கேட்டால் ‘மரங்கள்’ வராது. ம் என்பது ங் ஆகிவிட்டது. அந்த இடத்தில் பொருள் தலைப்பைக் கையால் சேர்ப்பதுதான் வழி.

புனைபெயருக்கு ஆசிரியர் அதிகாரப் பதிவு வேண்டும், அதாவது ஒருவரின் எல்லாப் பெயர்களையும் ஒன்றாக இணைக்கும் தனிப் பதிவு. அதில் புதுமைப்பித்தன் 100ஆம் புலத்தில், அவரது இயற்பெயரான சொ. விருத்தாசலம் 400ஆம் புலத்தில். ஒருமுறை செய்தால் எல்லாப் புத்தகத்துக்கும் போதும்.

எந்தச் சொற்களில் தொடங்குவது? கோஹாவில் தேடல் வரலாற்றைச் சேமிக்கும் அமைப்பை இயக்கி வைத்தால், உள்நுழைந்து தேடியவர்களின் தேடல் சொல்லோடு எத்தனை முடிவு வந்தது என்பதும் பதிவாகும். பூஜ்யம் வந்தவற்றை மாதம் ஒருமுறை எடுங்கள். யார் தேடினார் என்ற விவரத்தை அதில் எடுக்கவே வேண்டாம். யார் எதைப் படிக்கிறார் என்பது நூலகத்துக்குத் தேவையில்லாத செய்தி. கவுண்டரில் ஒரு நோட்டும் வையுங்கள். வாசகர் கேட்ட சொல்லை அவர் சொன்னபடியே எழுத வேண்டும், நூலகர் திருத்தி எழுதக் கூடாது.

ஆர்எஃப்ஐடி வேண்டாம் என்பதில்லை. வாங்குகிறவர்கள் சில்லை ஒட்டும் இடத்தை யோசித்துச் செய்யட்டும். நூலகங்களில் பெரும்பாலும் பயன்படும் 13.56 மெகாஹெர்ட்ஸ் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று அமைந்தால் ஒன்றையொன்று மறைக்கும். மெல்லிய கவிதைத் தொகுதிகள் பத்தை அடுக்கிக் கியாஸ்க்கில் வைத்தால் சில கணக்கில் வராமல் போகலாம். ஒரு புத்தகத்துக்கு மேலே, அடுத்ததற்கு நடுவில், அதற்கடுத்ததற்குக் கீழே என்று மாற்றி ஒட்ட வேண்டும். இரும்பு அலமாரியும் வாசிப்பைக் கெடுக்கும். பல ஊர் நூலகங்களில் அலமாரி இரும்புதான்.

அலமாரி என்றதும் ஒரு சின்ன விஷயம்: பக்கவாட்டில் 894.8113 என்ற வகைப்பாட்டு எண் மட்டும் ஒட்டியிருக்கும். அதன் கீழே ‘தமிழ் நாவல்கள்’ என்று பெரிதாக எழுத ஒரு தாள் போதும்.

கடைசியாக, விசைப்பலகை. தேடல் கணினிகளில் ஆங்கில விசைகள்தான் இருக்கின்றன. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறை தெரிந்த வாசகர்கள் குறைவு. ஆனால் அவர்கள் பையில் இருக்கும் போனில் தமிழ் விசைப்பலகையும் குரல் தட்டச்சும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு அலமாரி வரிசையின் முனையிலும் கண் மட்டத்தில் தேடல் பக்கத்தின் க்யூஆர் குறியை ஒட்டினால் போதும். ஒட்டும் முன் நூலக வைஃபையை அணைத்துவிட்டு, போன் டேட்டாவில் திறந்து பாருங்கள். முகவரி 192.168 என்று தொடங்கினால் அது அந்தக் கட்டடத்துக்குள் மட்டும் திறக்கும் பக்கம். போன் டேட்டாவில் தேடும் வாசகருக்கு அது திறக்காது.