முழங்கால்ல வீக்கமா? கட்டு போடுறதுக்கு முன்னாடி ஒரு எக்ஸ்ரே எடுங்க

போன வாரமும் ஒரு பொண்ணு. தொண்டி பக்கம், பதினோராம் வகுப்பு, ஸ்கூல் வாலிபால் டீம்ல ஆடுற புள்ள. முழங்காலுக்கு மேல உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி மூங்கில் தப்பை வச்சு இறுக்கிக் கட்டியிருந்தாங்க, அதுவும் முதல் கட்டு இல்ல, பிரிச்சுப் பிரிச்சு மாத்திக் கட்டினது. அவுத்துப் பார்த்தா தொடை எலும்போட கீழ்ப்பக்கம் வீங்கி, தோல் பளபளன்னு இழுத்துட்டு நிக்குது, மேல நரம்பு ஓடுறது தெரியுது. ராத்திரியில வலிக்குதாம்மான்னு கேட்டேன், அது வாயத் திறக்கிறதுக்குள்ள அவங்க அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. மாசக்கணக்கா அந்தப் புள்ள ராத்திரி தூங்கல. அத்தனை நாள்ல ஒரு எக்ஸ்ரே கூட எடுக்கல. எடுத்துப் பார்த்துட்டு அன்னைக்கே மதுரைக்கு அனுப்பிட்டேன்.

எனக்கு கோவம் வருது. அந்த அம்மா மேல இல்ல, அவங்களுக்கு யாரும் சொல்லல. ஆனா இத தொண்டியிலயும் பாம்பன்லயும் கீழக்கரையிலயும் எத்தனை பேருக்குத்தான் ஒவ்வொருத்தரா உக்கார வச்சு சொல்றது, அதான் எழுதுறேன்.

ஆஸ்டியோசர்கோமான்னு ஒரு எலும்புப் புற்றுநோய். அபூர்வமானதுதான், வருஷத்துக்கு பத்து லட்சம் பேர்ல மூணு நாலு பேருக்குத்தான் வரும். ஆனா அது வர்ற வயசு பெரும்பாலும் 10லேர்ந்து 20 வரைக்கும், பிள்ளைங்க மளமளன்னு உயரமாகுற நேரம். வர்ற இடம் பெரும்பாலும் முழங்காலச் சுத்தி, அதாவது தொடை எலும்போட கீழ்முனை, கணுக்கால் பக்கம் இறங்குற எலும்போட மேல்முனை, அதுக்கப்புறம் தோள்பட்டை. விளையாடுற பசங்களுக்கு எங்க அடிபடுமோ அதே இடம். பிரச்சினையே இங்கதான் ஆரம்பிக்குது.

எங்கிட்ட வைத்தியத்துக்கு வந்த ஒரு தம்பி, இப்ப படம் எடுக்கிறான், பேரு போட வேணாம் ஆனா கதைய தாராளமா எழுதுங்க சார்னு அவனே சொன்னான். பாம்பன் பக்கம். அப்பா வல்லத்துல, அதாவது நாட்டுப்படகுல, கடலுக்குப் போறவர், அம்மா கடல்பாசி எடுக்கப் போறவங்க. பையன் கபடில ரெய்டர், மணல்லயே ஆடி வளர்ந்த காலு, மாவட்ட அளவுல பேரு வாங்கி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு, அப்புறம் போலீஸ் வேலைன்னு வீடே கணக்குப் போட்டு வச்சிருந்துச்சு. 16 வயசுல ஒரு திருவிழாப் போட்டியில எதிர் டீம் பையன் ஒருத்தன் காலப் பிடிச்சு இழுக்க, கீழ விழுந்தான். அன்னைக்கு ஆரம்பிச்ச வலின்னு எல்லாரும் நம்பினாங்க. எண்ணெய் போட்டு உருவினாங்க, ஜவ்வு கிழிஞ்சிருக்கும்னு கட்டு போட்டாங்க, வீக்கம் ஏறிக்கிட்டே போச்சு, எங்கிட்ட வந்தப்ப காலே ஊன முடியல. எக்ஸ்ரேல எலும்ப விட்டு வெளிய சூரியக்கதிர் மாதிரி புது எலும்பு சிலிர்த்துட்டு நின்னுச்சு. (மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் யாராவது படிச்சா, அந்தப் படம் பாடப்புத்தகத்துல இருக்கிறது பரீட்சைக்காக மட்டும் இல்லப்பா.)

இப்ப எனக்கு ரொம்ப எரிச்சலா இருக்கிற விஷயத்துக்கு வர்றேன். அடிபட்டதாலதான் கேன்சர் வந்துச்சுங்கிற நம்பிக்கை. இல்லங்க. அடிபட்டு எலும்புல கேன்சர் வர்றதில்ல. நம்ம கடற்கரையில விழாத பிள்ள யாரு இருக்கா? அடிபட்டு கேன்சர் வரும்னா ஊர்ல பாதிப் பேருக்கு வந்திருக்கணும். நடக்கிறது வேற. உள்ள கட்டி ஏற்கனவே வளர ஆரம்பிச்சிருக்கும், அந்த எலும்பு பலவீனமா இருக்கும், சாதாரணமா விழுந்தாக்கூட அங்க அதிகமா வலிக்கும், அப்பதான் எல்லாரோட கண்ணும் அந்தக் காலு மேல விழும். இந்தத் தம்பிகிட்டயே பொறுமையா கேட்டதுக்கு அப்புறம்தான் சொன்னான், அந்தப் போட்டிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வலி இருந்திருக்கு, டீம்ல எடுக்க மாட்டாங்கன்னு பயந்து யாருக்கும் தெரியாம கிரேப் பேண்டேஜ் சுத்திட்டு ஆடியிருக்கான்.

இந்த நம்பிக்கை ரெண்டு விதமா கெடுக்குது. முதல்ல, காரணம்தான் தெரிஞ்சு போச்சே, அடிபட்ட வலிதானேன்னு மாசக்கணக்கா தள்ளிப் போட வைக்குது. அப்புறம் நோய் இன்னதுன்னு தெரிஞ்சதும் பழி போட ஆள் தேட வைக்குது. இந்தத் தம்பியோட காலப் பிடிச்ச பையன் பக்கத்துத் தெரு. ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்னு போச்சு. அந்தப் பையன் கபடியையே விட்டுட்டான், நான்தான் அவன் காலக் கெடுத்துட்டேன்னு சாப்பிடாம கிடந்திருக்கான். அவனையும் அவங்க அப்பாவையும் கூப்பிட்டு உக்கார வச்சு எக்ஸ்ரேயக் காட்டி, தம்பி இது உன்னால வந்தது இல்ல, நீ காலப் பிடிச்ச அன்னைக்கு இது ஏற்கனவே உள்ள இருந்துச்சுன்னு திரும்பத் திரும்ப சொன்னேன். ஒரு விளையாட்டுப் பையனுக்கு நோய், இன்னொருத்தனுக்கு வாழ்நாள் குற்ற உணர்ச்சி. தேவையா இது?

டெர்ரி ஃபாக்ஸ்னு கனடாவுல ஒரு பேஸ்கட்பால் பையன். 1976ல கார் விபத்துல வலது முழங்கால்ல அடி, 1977ல அதே கால்ல ஆஸ்டியோசர்கோமா, முழங்காலுக்கு மேல எடுத்தாங்க. விபத்துதான் காரணம்னு அவரும் நினைச்சார், டாக்டர்கள் சம்பந்தம் இல்லன்னுதான் சொன்னாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா பிழைக்கிற வாய்ப்பு 15 சதவீதம்தான், கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்து வைத்தியம், வந்துட்டதால இப்ப 50னு அவருகிட்ட சொல்லியிருக்காங்க. 1980ல செயற்கைக் காலோட புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுறதுக்காக 143 நாள்ல 5,373 கிலோமீட்டர் ஓடினார், நுரையீரலுக்குப் பரவினதால ஓட்டத்த நிறுத்தி, 1981 ஜூன்ல 22 வயசுல இறந்துட்டார். இன்னைக்கு நிலைமை அதவிட நல்லா இருக்கு. பரவுறதுக்கு முன்னாடி பிடிச்சுட்டா 60லேர்ந்து 70 சதவீதம் பேர் அஞ்சு வருஷத்தத் தாண்டுறாங்க, பெரும்பாலானவங்களுக்கு கால எடுக்காமலே எலும்ப மட்டும் எடுத்துட்டு உள்ள உலோக மூட்டு வைக்க முடியுது. நுரையீரலுக்குப் போனதுக்கப்புறம் வந்தா அந்தக் கணக்கு 20, 30க்கு இறங்கிடுது. நீங்க கட்டு போட்டுட்டு காத்திருக்கிற மாசங்கள்ல போறது இதுதான்.

தம்பிக்கு சென்னையில கீமோ, நடுவுல ஆபரேஷன், மறுபடி கீமோ. கால் தப்பிச்சுது, கபடி தப்பல. உலோக மூட்டு வச்சுட்டு ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. வார்டுல படுத்துக்கிட்டே போன்ல படம் பிடிக்க ஆரம்பிச்சிருக்கான். நோயாளிங்கள எடுக்கக்கூடாதுன்னு சிஸ்டர் கண்டிப்பா சொல்லிட, ஜன்னல்ல தெரியிற மரம், ட்ரிப் இறங்குறது, அம்மா டிபன் பாக்ஸ் கழுவுற கை, இதெல்லாம் எடுத்து போன்லயே எடிட் பண்ணிக் கத்துக்கிட்டான். ஊருக்கு வந்ததும் பாசி எடுக்கிற பொம்பளைங்களப் பத்தி ஒரு குறும்படம். விரல்ல துணியச் சுத்திக்கிட்டு முங்கி மரிக்கொழுந்துப் பாசியப் பறிக்கிறது, கரையில காயப்போடுறதுன்னு அவங்க அம்மாவும் அதுல இருக்காங்க. வழுக்குற பாறையில நிக்க முடியாதுன்னு வல்லத்துல உக்காந்தே எடுத்தான். எனக்குப் போட்டுக் காட்டினான், நல்லாருந்துச்சு, டாக்டர்ங்கிறதுக்காக சொல்லல.

அதுல ஒரு விஷயம், சிஸ்பிளாட்டின்னு ஒரு கீமோ மருந்து காத பாதிக்கும், உச்சஸ்தாயி சத்தம் சரியா கேக்காது. அவனுக்கு அப்படி ஆகியிருக்கு, சவுண்ட் மிக்ஸிங்குக்கு ஃப்ரெண்ட பக்கத்துல வச்சுக்கிறான். பெத்தவங்க கீமோவுக்கு முன்னாடியும் நடுவுலயும் காது டெஸ்ட் கேட்டு வாங்கணும். இன்னொரு கீமோ மருந்து இதயத்த பாதிக்கும்கிறதால எக்கோன்னு சொல்ற இதய ஸ்கேனும். வயசுக்கு வந்த பையன்னா கீமோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி விந்தணு சேமிச்சு வைக்கிறதப் பத்தி வெட்கப்படாம கேளுங்க, பின்னாடி கேட்டு பிரயோஜனம் இல்ல.

ரெண்டு வருஷம் கழிச்சு ஃபாலோ-அப் ஸ்கேன்ல நுரையீரல்ல ஒரு சின்ன முடிச்சு. ஷூட்டிங் இருக்கு, அடுத்த மாசம் ஸ்கேன் எடுத்துக்கலாம்னு இவன் சொல்ல, அம்மா திட்டி இழுத்துட்டுப் போனதாலதான் சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சுது. அதையும் ஆபரேஷன்ல எடுத்தாச்சு. இப்ப அடுத்த படத்துக்கு எழுதிட்டிருக்கான், ஸ்கேன் தேதியத் தவற விடுறதில்ல. நோய் முடிஞ்சு போச்சுன்னு நான் எழுத மாட்டேன், அவனும் சொல்றதில்ல.

கத்தி பட்டா கேன்சர் பரவிடும்னு பயாப்சிக்கு (கட்டியில ஒரு துளி சதை எடுத்து டெஸ்ட் பண்றது) பயந்து ஓடுறவங்களுக்கு: முறையா பண்ணுற பயாப்சி பரப்பாது, அது இல்லாம வைத்தியமே ஆரம்பிக்க முடியாது. ஆனா கண்ட இடத்துல குத்தாதீங்க, எம்ஆர்ஐ எடுத்துட்டு, பெரிய ஆபரேஷன் எங்க நடக்கப் போகுதோ அங்கதான் பயாப்சியும் பண்ணணும், ஏன்னா ஊசி போன பாதையையும் சேர்த்து பின்னாடி எடுக்கணும். இது பொதுமக்களுக்கு மட்டுமில்ல, நம்ம டாக்டர்களுக்கும்தான்.

வளர்ற வயசு வலின்னா ரெண்டு காலும் வலிக்கும், சாயங்காலம் வலிக்கும், காலைல பிள்ள ஓடிடும். ஒரே கால்ல, ஒரே இடத்துல, ஓய்வு எடுத்தும் விடாம, தூக்கத்துலேர்ந்து எழுப்புற வலி ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா எக்ஸ்ரே. வீக்கம் தெரிஞ்சா அன்னைக்கே எக்ஸ்ரே. எக்ஸ்ரே நார்மல்னு சொல்லியும் வலி போகலன்னா மறுபடி வாங்க. அந்த இடத்த உருவாதீங்க, அமுக்காதீங்க, சுளுக்கு எடுக்காதீங்க, உள்ள ரத்தம் கசியும், எலும்பே உடையும். கீமோ எடுக்கிற பிள்ளைக்கு காய்ச்சல்னா மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்து விடியட்டும்னு காத்திருக்காதீங்க, நடுராத்திரினாலும் ஆஸ்பத்திரிதான்.

பி.டி. வாத்தியார்களுக்கு ஒரு வேண்டுகோள். வலின்னு சொன்னா டீம்ல இடம் போயிடும்னு பிள்ளைங்க பயப்படுற மாதிரி வச்சுக்காதீங்க சார்.

பணம்னு தயங்காதீங்க. ராமநாதபுரம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கலாம், அங்கேர்ந்து மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி, இல்லன்னா 1954லேர்ந்து இருக்கிற சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு. காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், பழைய எக்ஸ்ரே எல்லாத்தையும் ஒரே பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. கட்டு போட்டிருந்தா, எண்ணெய் உருவியிருந்தா, டாக்டர் திட்டுவார்னு பயந்து மறைக்காம எத்தனை நாளாங்கிறதோட சொல்லிடுங்க.